கட்டிப்போடுவதற்கு முன்னால்: கேஷுவாலிட்டிக்கு ஆவேசமாக வரும் நோயாளியை அணுகுவது எப்படி?

இரவு பதினொன்றரை மணி. நான்கு பேர் சேர்ந்து ஒருவரின் கையைத் துண்டால் கட்டித் தூக்கி வருகிறார்கள். அவர் கத்துகிறார், துப்புகிறார், பக்கத்தில் வருகிறவரை உதைக்கிறார். கூட வந்தவர் சொல்வது ஒரே வரிதான்: "மெண்டல் ஆயிட்டான் சார், ஒரு ஊசி போட்டு விடுங்க."

ஹவுஸ் சர்ஜனாக இருந்த முதல் மாதத்தில் நான் அந்த வரியை அப்படியே நம்பினேன். மூச்சில் லேசாகச் சாராய வாடை வேறு இருந்தது. தூக்க ஊசி போட்டேன். அவர் அடங்கியதும் அடுத்த நோயாளியிடம் போய்விட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு சீனியர் ஸ்டாஃப் நர்ஸ் அக்கா அவர் விரலில் குத்திச் சுகர் பார்த்தார். 34. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் நாள் முழுக்க வேலை பார்த்திருக்கிறார் மனிதர். குளுக்கோஸ் ஏற்றினோம், பிழைத்துக்கொண்டார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் அவருடைய மூளை என்னவாகியிருக்கும் என்ற கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

அப்புறம் மனநலத் துறையில் சேர்ந்து, இதே கேஷுவாலிட்டிக்கு அழைப்பு வரும்போதெல்லாம் ஓடி வருகிறவனாகப் பல வருடங்கள் ஆகிவிட்டன. புதிதாக டூட்டிக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். ஆவேசம் என்பது நோயின் பெயர் இல்லை. காய்ச்சலைப் போல அதுவும் ஓர் அறிகுறி. காய்ச்சலுக்குக் காரணம் தேடுகிற நாம், ஆவேசத்துக்கு மட்டும் "மெண்டல் கேஸ்" என்று எழுதிவிட்டுத் தேடலை நிறுத்திவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

டூட்டி ஏறியதும்

ஆவேசமான நோயாளி எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் டூட்டி தொடங்கும்போதே சிலவற்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த அறைக்கு இரண்டு வழி இருக்கிறது? ஒரே வழிதான் என்றால், கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் நோயாளி நிற்காதபடி எங்கே நிற்பீர்கள்? அவர் வெளியே போகும் வழியையும் மறித்து நிற்காதீர்கள். மூலையில் மாட்டிக்கொண்டோம் என்று நினைக்கிற மனிதன்தான் அடிக்கிறான்.

கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப், அடையாள அட்டையின் கயிறு, துப்பட்டா, பாக்கெட்டில் இருக்கும் பேனா, டிரேயில் இருக்கும் கத்தரிக்கோல், டிரிப்ஸ் ஸ்டாண்ட் எல்லாமே இழுக்கவோ அடிக்கவோ குத்தவோ பயன்படும். முதலில் உங்கள் உடம்பில் இருப்பதைக் கழற்றுங்கள், பிறகு அறையில் இருப்பதை ஒதுக்குங்கள். அன்றைய செக்யூரிட்டி அண்ணன் யார், அவுட்போஸ்ட் போலீஸ் எங்கே உட்காருகிறார், மனநல மருத்துவரின் கைபேசி எண் எந்த நோட்டில் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இதை எல்லாம் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

முதல் இரண்டு நிமிடம்: கூட்டத்தைக் குறையுங்கள்

நோயாளியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. நம் ஊரில் ஒருவரோடு பத்துப் பேர் வருவார்கள். ஒருவர் அழுவார், ஒருவர் திட்டுவார், ஒருவர் செல்போனில் படம் பிடிப்பார். இது எல்லாமே நெருப்பில் ஊற்றும் எண்ணெய். நோயாளி யார் பேச்சைக் கேட்பாரோ அந்த ஒருவரை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே அனுப்புங்கள். சில நேரம் அது மனைவியாக இருக்காது. சித்தப்பாவாகவோ கூட வேலை பார்க்கும் நண்பராகவோ இருக்கும். "இவர் யார் சொன்னா கேப்பார்?" என்று கேட்டால் அவர்களே கை காட்டுவார்கள்.

கையைக் கட்டிக் கொண்டுவந்திருந்தால் உடனே அவிழ்த்துவிட வேண்டும் என்று துடிக்காதீர்கள். அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். "அண்ணா, நான் டாக்டர். இந்தக் கட்டு வலிக்குதா? கொஞ்சம் பேசலாம், அப்புறம் அவிழ்த்துடுறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி செய்யுங்கள். அந்த ராத்திரியில் அவரை மனிதராக நடத்திய முதல் ஆள் நீங்களாக இருக்கலாம்.

பேச்சு: இதுவும் ஒரு மருந்து

2012-இல் அமெரிக்க அவசர மனநல மருத்துவர்கள் சங்கம் இந்தப் பேச்சுமுறைக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன் சாரத்தை நம் கேஷுவாலிட்டிக்கு ஏற்றபடி சொல்கிறேன்.

இரண்டு கை நீளத் தூரத்தில் நில்லுங்கள். நேருக்கு நேர் மார்பைக் காட்டி நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். கைகள் அவர் கண்ணில் படும்படி திறந்திருக்கட்டும். பின்னால் கட்டிக்கொண்டால் ஊசியை மறைத்து வைத்திருக்கிறீர்கள் என்று நினைப்பார். அவரிடம் ஒருவர் மட்டும் பேச வேண்டும். நர்ஸ் ஒன்று, டாக்டர் ஒன்று, செக்யூரிட்டி ஒன்று என்று மூன்று பக்கமும் பேசினால் கலங்கிய மூளையால் எதையும் வாங்கிக்கொள்ள முடியாது.

வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். சொன்னதையே பொறுமையாகத் திரும்பச் சொல்லுங்கள். வயதில் மூத்தவரை "ஐயா", "அம்மா" என்றும், நம் வயதுக்காரரை "அண்ணா", "அக்கா" என்றும் கூப்பிடுங்கள். பெயர் தெரிந்தால் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஒருமையில் "டேய், படுடா" என்று ஒரு முறை வாயில் வந்துவிட்டால் அதற்கு முன் பேசிய பத்து நிமிடப் பேச்சும் வீண். நம் ஆட்களுக்கு மரியாதை என்பது அவ்வளவு பெரிய விஷயம், புத்தி கலங்கியிருக்கும்போதும் கூட.

பயம் என்னவென்று கேளுங்கள். ஆவேசத்துக்கு அடியில் பெரும்பாலும் பயம்தான் இருக்கிறது என்பது இத்தனை வருடத்தில் நான் கண்டது. "என்னைக் கொல்ல வர்றாங்க" என்று ஒருவர் சொன்னால், "யாரும் வரலை, எல்லாம் உங்க கற்பனை" என்று வாதாடாதீர்கள். "ஆமாம், வெளியே நிக்கிறாங்க" என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "அப்படித் தோணும்போது எவ்வளவு பயமா இருக்கும்! இங்க உங்களை யாரும் எதுவும் செய்ய விடமாட்டோம்" என்று சொல்லலாம். அதில் பொய் இல்லை, அவமானமும் இல்லை. அப்புறம் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கையில் கொடுங்கள். "தண்ணி குடிக்கிறீங்களா, டீ சொல்லட்டுமா?" "உட்கார்ந்துக்கிறீங்களா, படுத்துக்கிறீங்களா?" "மாத்திரையா, ஊசியா?" எல்லாம் கையை மீறிப் போய்விட்டது என்று இருக்கிறவருக்கு இந்தச் சின்னத் தேர்வே ஒரு பிடிமானம். டீ என்றால் ஆறிய டீ. கொதிக்கக் கொதிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

சந்தேகம் முற்றியவர்களிடம் எனக்குப் பலமுறை கைகொடுத்த ஒரு வழி: சீல் உடைக்காத தண்ணீர் பாட்டிலை அவர் கையிலேயே கொடுத்துத் திறக்கச் சொல்வேன். ஊசி மருந்து இருக்கும் ஆம்பியூலை (கண்ணாடிக் குப்பியை) அவர் கண் முன்னாலேயே உடைத்து, மருந்தின் பெயரைச் சொல்லி எடுப்பேன். விஷம் வைக்கிறார்கள் என்று நம்புகிறவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். "கோபம் வரலாம், கத்தலாம். ஆனா யாரையும் அடிக்கக் கூடாது. அடிச்சா நாங்க பிடிக்க வேண்டி வரும்." மிரட்டும் குரலில் இல்லை, விவரம் சொல்லும் குரலில். முஷ்டி இறுகுவது, தாடை இறுகுவது, நிலைகொள்ளாமல் நடப்பது, கண்கொட்டாமல் ஒரே ஆளை முறைப்பது எல்லாம் அடிக்கு முன்னால் வரும் அடையாளங்கள். இவை கூடிக்கொண்டே போனால் பேச்சை நிறுத்திவிட்டு இரண்டடி பின்னால் வந்து ஆட்களைக் கூப்பிடுங்கள். தைரியத்தைக் காட்டுகிற இடம் இது இல்லை.

சுகர், பல்ஸ், காய்ச்சல், ஆக்சிஜன்

பேச்சு நடக்கும்போதே, அவர் கொஞ்சம் இணங்கிய முதல் நொடியிலேயே இதைச் செய்ய வேண்டும். விரலில் ஒரு சொட்டு ரத்தம், விரலில் ஆக்சிமீட்டர், நெற்றியில் கை, கையில் பிபி பட்டை. இணங்கவே இல்லை, மருந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஊசி போட்டு அவர் தளர்ந்த அடுத்த நிமிடமே இதையெல்லாம் பார்க்க வேண்டும். சுகர் பார்க்காத ஆவேச நோயாளி எனக்கு இன்னும் பரிசோதிக்கப்படாத நோயாளிதான்.

சுகர் குறைவாக இருந்தால் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. நரம்பில் ஏற்றுங்கள். குடிப்பழக்கம் உள்ளவராக இருந்தால் தயமினும் (வைட்டமின் பி1) சேர்த்துக் கொடுங்கள். ஆனால் தயமினைத் தேடிக்கொண்டு குளுக்கோஸைத் தாமதப்படுத்தாதீர்கள்.

ஆக்சிஜன் குறைந்தவர் முகமூடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அடிக்க வருவார். மூச்சுத் திணறலில் துடிக்கும் அவருக்குத் தூக்க ஊசி போட்டால் மூச்சே நின்றுவிடலாம். கத்திரி வெயிலில் கட்டட வேலையிலிருந்து தூக்கி வரப்பட்டு, உளறி அடிக்கிறவரின் உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெப்பவாதம்; முதலில் குளிர்விக்க வேண்டும். கழுத்து விறைத்துக் காய்ச்சலோடு இருந்தால் மூளைக் காய்ச்சலை நினையுங்கள். சாராய வாடை அடிக்கிறது என்பதற்காகத் தலையைத் தடவிப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். குடித்தவர்தான் கீழே விழுகிறார், விழுந்தவருக்குத்தான் மண்டைக்குள் ரத்தம் கட்டுகிறது. கண்மணிகள் இரண்டும் ஒரே அளவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் தலைக்கு சி.டி. எடுக்க வேண்டும்.

உடம்பா, மனமா?

கையோடு பிரித்துப் பார்க்கச் சில கேள்விகள் இருக்கின்றன. "இப்போ எங்க இருக்கீங்க? இது பகலா, ராத்திரியா? கூட வந்தது யாரு?" அப்புறம் கவனத்தைச் சோதியுங்கள்: கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். ஞாயிறு, சனி, வெள்ளி என்று வர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதைச் சொல்லிவிடுவார். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளி தன்னைப் போலீஸ் துரத்துகிறது என்று கத்திக்கொண்டே கிழமைகளைச் சரியாகச் சொல்லிவிடுவதுண்டு. உடல்நோயால் மூளை கலங்கியவர் இரண்டாவது கிழமையிலேயே தடம் மாறிவிடுவார்.

இடம், நேரம் தெரியாமல் இருப்பது. ஒரு மணி நேரம் தெளிவாகவும் அடுத்த மணி குழப்பமாகவும் மாறிமாறி இருப்பது. காதில் குரல் கேட்பதைவிடக் கண்ணில் உருவம் தெரிவது. இதுவரை எந்த மனநோயும் இல்லாமல் நாற்பதைத் தாண்டிய வயதில் திடீரென்று தொடங்குவது. பல்ஸ், காய்ச்சல், பிபி ஏதாவது ஒன்று சரியில்லாமல் இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடம்பில் காரணம் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு தேடுங்கள். ஏற்கெனவே மனநோய் உள்ளவருக்கும் இது பொருந்தும். பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் சுகர் குறையும், மூளைக் காய்ச்சல் வரும். பழைய சீட்டைப் பார்த்ததும் தேடலை நிறுத்திவிடுவதால் நாம் இழந்த உயிர்கள் உண்டு.

நம் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிற, ஆனால் புதியவர்கள் தவறவிடுகிற சிலவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, குடியை நிறுத்தியதால் வருவது. கால் எலும்பு முறிந்து வார்டில் சேர்ந்தவர் முதல் நாள் சாதுவாக இருப்பார். மூன்றாம் நாள் ராத்திரி டிரிப்ஸைப் பிடுங்கிவிட்டு, "சுவர்ல பூச்சி ஊருது, பாம்பு வருது" என்று கத்திக்கொண்டு ஓடப் பார்ப்பார். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பல்ஸ் ஏறியிருக்கும். கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும், 48 மணிக்குள் வலிப்பு வரலாம், 48 முதல் 96 மணிக்குள் இந்தக் குழப்ப நிலை வரும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். இதற்கு மருந்து லோராசிபாம், டயசிபாம் வகைத் தூக்க மருந்து, கூடவே தயமின். மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடாலை மட்டும் கொடுத்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். அதனால் எந்த வார்டில் எந்த நோய்க்குச் சேர்த்தாலும் "கடைசியா எப்போ குடிச்சீங்க?" என்ற கேள்வியை விடாதீர்கள். வெட்கப்பட்டு மறைப்பார்கள். மனைவியைத் தனியாகக் கேட்டால் நாளும் நேரமும் சேர்த்தே சொல்வார்.

இரண்டாவது, பூச்சிமருந்து குடித்தவருக்கு முறிமருந்தாகக் கொடுக்கும் அட்ரோபின் கூடிப்போவது. வயல் ஊர்களின் ஆஸ்பத்திரிகளில் இதைப் பார்க்காத வாரம் இல்லை. "விஷம் மூளைக்கு ஏறிடுச்சு" என்பார்கள். கண்மணி விரிந்து, தோல் காய்ந்து சூடாகி, வயிற்றில் குடலோசையே கேட்காமல், போர்வையை நிமிண்டிக்கொண்டு, கட்டிலில் இருந்து எகிறினால் அட்ரோபினைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு சீனியரைக் கூப்பிடுங்கள். ஊமத்தை விதை தின்றவருக்கும் இதே படம்தான். இவர்களுக்குப் புரோமெதசின் (தூக்கமும் தரும் அலர்ஜி மருந்து) போடாதீர்கள். அதுவும் அட்ரோபின் செய்வதையே செய்யும், எரிகிறதை இன்னும் கிளறிவிடும். லோராசிபாம் போதும்.

மூன்றாவது, வெறிநாய்க்கடி. கோயில், மந்திரிப்பு எல்லாம் முடித்து "பேய் பிடிச்சிருக்கு" என்று கொண்டுவருவார்கள். முகத்தில் தாங்க முடியாத பயம். ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினால் தொண்டை இழுத்துக்கொள்ளும், விசிறிக்காற்று பட்டாலும் அப்படியே. நடுநடுவே முழுத் தெளிவோடு பேசுவார், அதுதான் நெஞ்சை அறுக்கும். சில வாரமோ சில மாதமோ முன்னால் ஒரு நாய் கடித்திருக்கும், வீட்டில் மறந்தே போயிருப்பார்கள். கேட்டால்தான் வரும். அந்தக் கட்டத்தில் நம்மால் காப்பாற்ற முடிவதில்லை. ஆனால் அமைதியான இருட்டறையும், போதுமான தூக்க மருந்தும், பக்கத்தில் ஒரு மனிதரும் கொடுக்க முடியும். எச்சில் பட்ட எல்லாருக்கும், உங்களுக்கும் சேர்த்து, தடுப்பூசி தேவையா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, வயதானவர்கள். தாத்தா ராத்திரியில் எழுந்து எல்லாரையும் அடிக்கிறார் என்றால் அடிவயிற்றில் கை வைத்துப் பாருங்கள். சிறுநீர் அடைத்து நிரம்பியிருக்கும். ஒரு டியூப் போட்டதும் குழந்தை மாதிரி தூங்கிவிடுவார். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மலச்சிக்கல், சோடியம் குறைந்துபோவது, புதிதாகத் தொடங்கிய ஏதோ ஒரு மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வீட்டுக்காரர்கள் அவருடைய கண்ணாடியையும் காதுக் கருவியையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள். கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, பிரசவம் ஆன இரண்டு வாரத்துக்குள் வரும் பெண். தூக்கமே இல்லாமல், குழந்தையைத் தன்னுடையது இல்லை என்று சொல்லிக்கொண்டு வருவார். மகப்பேற்றுக்குப் பின் வரும் மனக்கலக்கம் இது. ஆனால் மூளைச் சிரைகளில் ரத்தம் உறைவதும் இதே நாட்களில்தான் வரும். தலைவலி, வலிப்பு இருந்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும். குழந்தையைப் பத்திரமாக வேறொருவர் கையில் கொடுங்கள். தாயை ஒருபோதும் தனியாக விடாதீர்கள்.

மனநோய்தான் என்றால் எது?

உடல் காரணங்களைத் தேடியாகிவிட்டது, இல்லை என்று தெரிந்தது. இனி மனநோய்கள். ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை, அடி வாங்குகிறவர்களாகவே அதிகம் இருக்கிறார்கள். கேஷுவாலிட்டிக்கு வருகிறவர்களை மட்டுமே பார்த்துவிட்டு எல்லாரையும் எடைபோட்டுவிடாதீர்கள். குடியோ போதையோ சேரும்போதும், மாத்திரையை நிறுத்தும்போதும்தான் வன்முறை கூடுகிறது.

மனச்சிதைவில் ஆவேசம் பெரும்பாலும் தற்காப்பு. யாரோ தன்னைக் கொல்லப் போகிறார்கள் என்ற நம்பிக்கை, அல்லது "அடி" என்று காதில் கட்டளையிடும் குரல். "குரல் ஏதாவது கேக்குதா? என்ன செய்யச் சொல்லுது?" என்று நேரடியாகவே கேளுங்கள். பெயர் சொல்லி இன்னாரைக் குத்து என்று குரல் சொன்னால் அது அவசர நிலை. அந்த ஆள் வாசலில் நிற்கிறாரா என்றும் பாருங்கள்.

பித்துநிலை என்று நாம் சொல்லும் மேனியாவில் வருகிறவர் வேறு மாதிரி. நாலு நாளாகத் தூங்கியிருக்க மாட்டார், களைப்பும் இருக்காது. கடகடவென்று பேச்சு, பாட்டு, ஊருக்கே பணம் கொடுத்திருப்பார். சிரித்துக்கொண்டே இருப்பவர், நீங்கள் "முடியாது" என்று சொன்ன நொடியில் வெடிப்பார். இவரிடம் குறைவாகப் பேசுங்கள். ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு ஒரு புதுத் தூண்டுதல். வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்தாலே பாதி அடங்கும்.

மனச்சோர்வு உள்ளவரும் கொந்தளிப்பார் என்பது பலருக்குத் தெரியாது. நிலைகொள்ளாமல் கையைப் பிசைந்துகொண்டு, தொட்டால் சீறுவார். இவரிடம் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்காமல் விடக் கூடாது. கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்பது தவறான பயம். கேட்டதும் பல பேர் அழுதுவிட்டு அடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் வலியைச் சொல்லத் தெரியாமல் அடிப்பார்கள். பல், காது, வயிறு மூன்றையும் பாருங்கள். அம்மாவைப் பக்கத்திலிருந்து பிரிக்காதீர்கள். இவர்களைப் பொறுத்தவரை அம்மாதான் சிறந்த டாக்டர்.

ஊசி போட வேண்டிய கட்டம்

பேச்சு பலிக்கவில்லை, யாருக்காவது அடிபடும் என்றால் மருந்து. முதலில் வாய்வழியாகக் கேளுங்கள். நம்ப மாட்டீர்கள், பல பேர் மாத்திரையை வாங்கிக்கொள்வார்கள்.

ஊசி என்றால், தமிழ்நாட்டில் இருக்கும் நாம் பெருமைப்பட வேண்டிய ஒரு செய்தி உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், ஆவேசமாக வந்த 200 நோயாளிகளிடம் லோராசிபாம் ஊசியையும், ஹாலோபெரிடாலும் புரோமெதசினும் சேர்ந்த ஊசியையும் ஒப்பிட்டுப் பார்த்து 2004-இல் வெளியிட்டார்கள். நாலு மணி நேரத்தில் இரண்டுமே வேலை செய்தன. கூட்டு ஊசி சீக்கிரம் அமைதிப்படுத்தியது. 2007-இல் 300 பேரிடம் அந்தக் கூட்டு ஊசியை ஓலன்சபின் என்ற இன்னொரு மனநோய் மருந்தோடு ஒப்பிட்டபோது, ஓலன்சபின் போட்டவர்களுக்குத்தான் திரும்பவும் மருந்து தேவைப்பட்டது அதிகம். அதே வருடம் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் நடந்த ஆய்வில், ஹாலோபெரிடாலைத் தனியாகப் போட்டவர்களுக்குக் கழுத்தும் நாக்கும் இழுத்துக்கொள்வது அதிகமாக வந்தது. ஆகவே ஹாலோபெரிடாலைத் தனியாகப் போடாதீர்கள் என்பது வெறும் வார்டு வழக்கம் இல்லை, அதற்கு ஆதாரம் இருக்கிறது.

வழக்கமாக நாம் பெரியவர்களுக்குப் போடுவது ஹாலோபெரிடால் 5 மி.கி., புரோமெதசின் 25 முதல் 50 மி.கி., தசையில். அல்லது லோராசிபாம் 2 மி.கி. வயதானவர்களுக்கு ஹாலோபெரிடால் அரை மி.கி.யிலிருந்து 1 மி.கி. போதும். பார்க்கின்சன் நோய் இருந்தால் ஹாலோபெரிடால் வேண்டவே வேண்டாம். குடி போதையில் இருப்பவருக்கு லோராசிபாம் போட்டால் மூச்சு அடங்கிவிடலாம். குடியை நிறுத்தியதால் வந்தவருக்கு அதுவே உயிர்காக்கும் மருந்து. இந்த ஒரு வேறுபாட்டை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஓலன்சபின் ஊசியையும் லோராசிபாம் ஊசியையும் சேர்த்துப் போடக் கூடாது. உங்கள் யூனிட்டின் எழுதப்பட்ட முறை எது என்று சீனியரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

போட்டபின் முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பல்ஸ், பிபி, மூச்சு, ஆக்சிஜன் பார்க்க வேண்டும். ஈசிஜி எடுக்க முடிந்ததும் எடுங்கள். கழுத்து திருகிக்கொண்டாலோ கண் மேலே செருகினாலோ "நடிக்கிறார்" என்று சொல்லிவிடாதீர்கள். புரோமெதசின் ஊசி அதைச் சரியாக்கும். ஊசிக்குப் பின் உட்கார முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்து அலைகிறார் என்றால் அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். ஆவேசம் அடங்கவில்லை என்று நினைத்து இன்னொரு ஹாலோபெரிடால் போட்டால் வேதனை இரட்டிப்பாகும்.

கட்டுவது: கடைசி வழி

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநல விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்துபோனார்கள். இந்த மண்ணில் ஒருவரைக் கட்டும்போது அது நம் நினைவில் இருக்க வேண்டும்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டுமே உடலைக் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்பதும் காரணம் ஆகாது.

செய்தே ஆக வேண்டும் என்றால் ஐந்து பேர் வேண்டும். கைகால்களுக்கு ஒவ்வொருவர், தலைப்பக்கம் ஒருவர். தலைப்பக்கம் நிற்பவர்தான் நோயாளியிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைச் சற்று உயர்த்துங்கள். குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை வைப்பது மூச்சை நிறுத்திக் கொன்றுவிடும். மெத்தென்ற பஞ்சு வைத்த துணிப்பட்டை, இரண்டு விரல் நுழையும் தளர்வு. கால் மணிக்கு ஒருமுறை விரல்நுனி குளிர்ந்திருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர், சிறுநீர் இரண்டையும் கேளுங்கள். நோயாளி பெண் என்றால் பெண் ஊழியர் கட்டாயம் இருக்க வேண்டும். விலகிய உடையைப் போர்வையால் மூடுங்கள். அமைதியானதும் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துவிடுங்கள்.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை

உயிருக்கு ஆபத்து, தனக்கோ பிறருக்கோ கடும் காயம் என்ற நிலையில், மனநல மருத்துவர் இல்லாத இடத்திலும் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை தரலாம். 72 மணி நேரம் வரை, அல்லது மனநல மையத்தில் மதிப்பிடும் வரை, இதில் எது முந்தியதோ அதுவரை. நோயாளி நியமித்த பிரதிநிதியோ உறவினரோ இருந்தால் அவரிடம் சம்மதம் வாங்குங்கள். தெருவில் சுற்றித் திரிகிறவரைப் பாதுகாப்பில் எடுத்த போலீஸ், 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பொது மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. அப்படிக் கொண்டுவரும் காவலரிடம் "இதெல்லாம் இங்கே பார்க்க மாட்டோம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்கச் சட்டம் சொல்லவில்லை, கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதவே சொல்கிறது.

நோயாளியின் உறவினரே ஆவேசப்பட்டு உங்களைத் தாக்கினால், அதற்குத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டின் மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அடிவாங்கிக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போட்டு, பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள்.

எழுதுங்கள், ஒப்படையுங்கள், விழிக்கும்போது பக்கத்தில் இருங்கள்

கேஸ் ஷீட்டில் "மெண்டல் கேஸ்", "வயலண்ட்" என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன செய்தார், என்ன சொன்னார், சுகர் எவ்வளவு, இடம் நேரம் தெரிந்திருந்ததா, என்ன பேசிப் பார்த்தீர்கள், எந்த மருந்து எத்தனை மணிக்கு, கட்டியது எப்போது, அவிழ்த்தது எப்போது என்று எழுதுங்கள். அடுத்த டூட்டிக்கு வருகிறவருக்கு நோயாளியைப் பற்றி ஒரு வரியாவது நல்லதாகச் சொல்லுங்கள். "பாட்டு பிடிக்குமாம், தங்கச்சி சொன்னா கேப்பாராம்" என்ற தகவல் ஒரு ஊசியையே மிச்சப்படுத்தும்.

வெளியே காத்திருக்கும் குடும்பத்திடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். "செய்வினையா இருக்குமோ?" என்று கேட்பார்கள். திட்டாதீர்கள். "சாமி கும்பிடுங்க, மாத்திரையும் நிறுத்தாம குடுங்க" என்றால் புரிந்துகொள்வார்கள். வீட்டுக்குப் போன பிறகு சந்தேகம் வந்தால் கூப்பிட 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மறுநாள் காலையில் பெரும்பாலோர் வெட்கத்தோடு விழிப்பார்கள். "நான் யாரையாவது அடிச்சிட்டேனா?" என்பதுதான் பலருடைய முதல் கேள்வி. நடந்ததை மறைக்காமல், குத்திக்காட்டாமல் சொல்லுங்கள். உங்களைக் கட்ட வேண்டி வந்தது, இன்ன காரணத்துக்காக, இத்தனை நேரம் என்று விளக்குங்கள். எங்களால் ஏதாவது வலித்ததா என்று கேளுங்கள். அப்புறம், "அடுத்த தடவை இப்படி ஆகப்போகுதுன்னா உங்களுக்கு முதல்ல என்ன தெரியும்? அப்போ நாங்க என்ன செஞ்சா நல்லா இருக்கும்?" என்றும் கேட்டு, அவர் சொல்கிற பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில் எழுதி வையுங்கள். "லைட்டை அணைச்சிட்டு எங்க அக்காவைக் கூப்பிடுங்க, ஊசி வேணாம், மாத்திரை குடுங்க" என்று ஒருவர் சொன்னார். எட்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தபோது டூட்டியில் இருந்த, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் படித்துவிட்டு, லைட்டை அணைத்தார், அக்காவுக்குப் போன் போட்டார். அன்று கட்டும் வேண்டியிருக்கவில்லை, ஊசியும் வேண்டியிருக்கவில்லை.